வீட்டு வரைபடத்தில் சாமானுக்கு இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி இறங்குமுன் கூரை போட்டுவிட வேண்டும் என்று மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைக் கரையோர ஊர்களிலும் அத்திவாரம் வெட்டுகிற காலம் இது. வரைபடத்தை விரித்தால் விறாந்தை, மண்டபம், இரண்டு அறை, குசினி, குளியலறை எல்லாம் அடி அங்குலக் கணக்கோடு கீறப்பட்டிருக்கும். நெல் மூட்டை எங்கே கிடக்கும், விருந்தாளிக்குப் போடும் பாயும் தலையணையும் எங்கே போகும், பெரிய கிடாரம் எங்கே ஏறும் என்று கேட்டால் கீறியவரிடமும் பதில் இல்லை, கட்டுவிப்பவரிடமும் பதில் இல்லை. "குடிபோன பிறகு ஒரு அலுமாரி எடுத்தால் சரி" என்பார்கள். தவணைக்கு எடுக்கும் அந்த அலுமாரி பல வீடுகளில் தவணை முடியுமுன்பே அடி வீங்கி, கதவு தொங்கி நிற்கிறது. மரவேலையும் கொத்துவேலையும் செய்கிறவர்கள் என்ற முறையில், அது ஏன் அப்படி ஆகிறது, சுவர் எழும்புமுன் என்ன செய்யலாம் என்பதை எழுதுகிறோம்.

பழைய வீடுகளில் அலுமாரி குறைவு, ஆனால் வைக்க இடம் இருந்தது. பொருளின் குணம் பார்த்து இடம் கொடுத்தார்கள். தயிர் முட்டியும் நெய்ச் சாடியும் உறியில் தொங்கின; எறும்பும் பூனையும் எட்டாது, நாலு பக்கமும் காற்றுப் படும். சோளப் பொத்தியும் பூசணி, வெள்ளரி விதைகளும் அடுப்புக்கு நேர் மேலே பரணில் இருந்தன. விறகுப் புகை ஈரத்தையும் வண்டையும் ஒன்றாகவே விரட்டியது. பன்பாய்களைச் சுருட்டி, கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கம்பில் போட்டார்கள். காணி உறுதி, நகை, பட்டுச்சேலை, பித்தளைச் சாமான் ஆகியவை யன்னல் இல்லாத உள்ளறையில் பெட்டகத்துக்குள் இருந்தன. எரிவாயு அடுப்பு வந்ததும் புகை போயிற்று, பரணும் போயிற்று. விதை மட்டும் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் வாளிக்குள் போய் வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கிறது.

பெட்டகத்தைப் பற்றி ஒரு கணக்கு. உள்ளளவு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 16 கன அடி. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 1¼ கன அடி இடம் பிடிக்கும், 21 கிலோ இருக்கும். ஆக அந்தப் பெட்டகத்தில் 12 புசல், அதாவது 250 கிலோ வரை கொள்ளும். அதைத் தாங்கத்தான் 1 அங்குலத் தடிப்புப் பலகையும், மூலைகளில் ஆணியை நம்பாமல் பலகைக்குள் பலகை கோத்த பொருத்தும், நிலத்தில் படாத கால்களும். அதன் குறை என்ன என்றால், மேலே ஒரு சாமானும் வைக்க முடியாது. அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதெல்லாம் வெளியே வர வேண்டும். முன்பக்கம் கதவும் உள்ளே தட்டும் வைத்த அலுமாரி தீர்த்து வைத்தது இந்தக் குறையைத்தான். அலுமாரி என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்தும், இழுப்பறையைக் குறிக்கும் லாச்சி என்ற சொல் ஒல்லாந்தரிடமிருந்தும் வந்தவை. மட்டக்களப்புப் பறங்கியர் மரவேலைக்குப் பேர்போனவர்கள் என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. வீடு பெண்பிள்ளைக்குப் போகிற ஊர் நம்முடையது. தாயின் பெட்டகமும் மகளின் அலுமாரியும் மருமகனின் சாமானும் ஒரே கூரையின்கீழ் சேருகிற வீடுகள் இங்கே அதிகம். அதற்கேற்ற இடம்தான் வரைபடத்தில் இல்லை.

இனி மரம். நம் பக்கத்து மர அலுமாரிக்கு எதிரி கறையான் மட்டுமல்ல, காற்றும்தான். கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடிக்கிற மாதங்களில் பலகை சுருங்கும். வாடையோடு மாரி பிடித்தால் பருக்கும். நீளத்தில் மாற்றம் தெரியாது, அகலத்தில்தான் தெரியும். 12 அங்குல அகலத் தேக்குப் பலகை இந்த இரண்டு காலத்துக்கும் இடையில் 1/8 அங்குலம் வரை மாறலாம். பழைய ஓடாவிமார் (தச்சர்) அலுமாரிக் கதவை ஒரே பலகையில் செய்யாமல், சட்டம் அடித்து, சட்டத்தின் உட்பக்கம் 3/8 அங்குல ஆழத்தில் காடி (நீளப் பள்ளம்) இழுத்து, பலகையைப் பசையோ ஆணியோ இல்லாமல் காடிக்குள் சும்மா செருகியதற்குக் காரணம் இதுதான். காடிக்குள் இரண்டு பக்கமும் 1/16 அங்குலம் விட்டால் பலகை தன் பாட்டில் அசைந்து கொள்ளும். இப்போது நேரம் மிச்சம் என்று அதையே பசை போட்டு, மேலே சன்ன ஆணியும் அடிக்கிறார்கள். முதல் கச்சானில் பலகை நடுவால் பிளக்கும். பிறகு குற்றம் மரத்தின் மேல் விழும்.

லாச்சியும் அப்படித்தான். ஜூலையில் பொருத்தும் லாச்சிக்குப் பக்கங்களில் சேர்த்து 1/8 அங்குலமும் மேலே 3/16 அங்குலமும் விட வேண்டும். மாரியில் பொருத்தினால் அதில் பாதி போதும். டிசம்பரில் இறுகுகிறது என்று சீவுளி போட வேண்டாம். போட்டால் அடுத்த ஜூலையில் ஆடும். மெழுகுதிரியையோ காய்ந்த சவர்க்காரக் கட்டியையோ ஓடும் விளிம்பில் தேய்த்து, மழை விடும் வரை பொறுத்துக் கொள்ளலாம்.

மரம் வாங்கும்போது தேக்கா, முதிரையா, வேம்பா, மகோகனியா என்பதைவிட முக்கியம் வைரமா (உள்மரம்) வெள்ளையா (வெளிமரம்) என்பது. வெள்ளைப் பகுதியில் மாச்சத்து இருக்கிறது. உளு வைக்கும் வண்டு அதைத் தேடித்தான் வரும். குண்டூசித் தலை அளவில் ஓட்டையும் கீழே மா மாதிரித் தூளும் கண்டால், அந்தப் பலகையில் வெள்ளை சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது மரம் காய்வது. அரிந்த 1 அங்குலப் பலகையை நிழலில், அடுக்குக்கு அடுக்கு சிலாகை வைத்து, ஒரு முழுக் கச்சான் காலம் போட்டு வைக்காமல் அலுமாரி செய்யக் கூடாது. வேம்பு பூச்சிக்குத் தாக்குப் பிடிக்கும் மரம். ஆனால் காயாமல் செய்தால் முறுக்கிக் கொண்டு போகும்.

பலகை அலுமாரி வாங்க வசதியில்லாதவர்கள் எடுப்பது மெலமைன் ஒட்டிய மரத்தூள் அட்டை அலுமாரி. அதைக் கூடாது என்று சொல்லமாட்டோம். அது என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு வைத்தால் பல வருடம் வரும். 18 மில்லிமீற்றர் அட்டையின் மேலும் கீழும் தண்ணீர் இறங்காது. வெட்டிய விளிம்பால்தான் இறங்கும். கடையில் கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு மட்டும் நாடா ஒட்டுவார்கள். நிலத்தில் குந்தும் அடி விளிம்பும் பின் விளிம்பும் திறந்தபடி இருக்கும். வீடு கழுவும் தண்ணீர் அங்கேதான் ஏறும். ஒருமுறை வீங்கினால் திரும்பச் சுருங்காது, வீங்கிய இடத்தில் திருகாணியும் பிடிக்காது. ஆகவே வீட்டுக்கு வந்த அன்றே, சாமான் அடுக்குமுன், அலுமாரியைச் சாய்த்து அடி விளிம்புக்கு வாணிஸ் அல்லது எனாமல் பெயின்ற் இரண்டு தரம் பூசுங்கள். 4 அங்குல உயரத்துக்கு மரக்கட்டையோ செங்கல்லோ வைத்து ஏற்றுங்கள். சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி வையுங்கள். பின்பக்கத்து மெல்லிய அட்டையில் மேலே மூன்று, கீழே மூன்று என்று 1 அங்குல ஓட்டை போட்டால் உள்ளே காற்று ஓடும். பூஞ்சண மணம் குறையும்.

கதவு தொங்குவது பிணைச்சல் திருகாணி கழன்றுதான். பெரிய திருகாணியை வைத்து முறுக்கினால் தூள் இன்னும் உதிரும். கழற்றி, ஓட்டைக்குள் மரப்பசையோடு ஈர்க்குத் தடிப்பில் சீவிய மரக்குச்சிகளை நெருக்கமாக அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, சின்ன ஓட்டை துளைத்த பிறகு பழைய திருகாணியையே ஏற்ற வேண்டும். தட்டு நடுவில் வளைகிறதென்றால் அகலம் கூடிவிட்டது: 18 மில்லிமீற்றர் அட்டைக்குத் தாங்கலுக்குத் தாங்கல் 2 அடிக்கு மேல் வேண்டாம். ஏற்கனவே 3 அடி இருந்தால் முன் விளிம்பின் அடியில் 1½ அங்குலச் சிலாகை ஒன்றை ஒட்டித் திருகிவிடுங்கள்.

இத்தனை பாடும் வேண்டாம் என்றால் சுவரிலேயே அலுமாரி எடுக்கலாம். ஆனால் எந்தச் சுவர் என்பதில்தான் அநேகர் பிழை விடுகிறார்கள். நம் பகுதிக்கு மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கிறது. வடக்கும் கிழக்கும் பார்த்த வெளிச்சுவர் நவம்பரிலிருந்து ஜனவரி வரை சரியாகக் காய்வதேயில்லை. அதன் உட்பக்கத்தில் அலுமாரி எடுத்தால் சேலை மடிப்பில் கறுப்புப் புள்ளி விழும், அடுக்கிய கொப்பி புத்தகம் ஒன்றோடொன்று ஒட்டும். இரண்டு படுக்கையறைக்கும் நடுவில் வரும் சுவரே இதற்குத் தோதானது. 10 அடி நீளச் சுவர் என்றால் 5 அடி ஒரு அறைக்கும் 5 அடி மற்ற அறைக்கும் திறக்கும்படி, அந்தச் சுவரையே 2 அடி ஆழ அலுமாரியாகக் கட்டிவிடலாம். 4 அங்குலச் சீமெந்துக் கல்லில் இடைச்சுவர்கள் நிறுத்தி, உள்ளகலம் 2½ அடிக்கு மேல் போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

தட்டை நிலத்தில் வார்த்துத் தூக்கி வைப்பது சுகம். தடிப்பு 2 அங்குலம், ஆழம் 22 அங்குலம், இரண்டு பக்கமும் சுவருக்குள் 2 அங்குலம் நுழைய நீளம் 2 அடி 10 அங்குலம். 6 மில்லிமீற்றர் கம்பி இரண்டு திசைக்கும் 6 அங்குல இடைவெளி, அடியிலிருந்து ¾ அங்குலம் மேலே. சின்னச் சல்லி போட்டு 1:2:3 கலவை (சீமெந்து, மணல், சல்லி). ஈரச்சாக்கு மூடி ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகு ஏற்றலாம். ஒரு தட்டு 60 கிலோவுக்குக் கிட்ட இருக்கும், இரண்டு பேர் வேண்டும்.

ஆழம் 22 அங்குலம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சட்டை மாட்டும் தோள்கம்பி 17, 18 அங்குலம் இருக்கும்; அதற்கு மேல் துணியின் புடைப்பு. 15 அங்குல ஆழத்தில் எடுத்துவிட்டுக் கதவு சாத்தவில்லை என்று ஓடாவியைத் திட்டிப் பயனில்லை. மடித்து மட்டும் வைப்பதென்றால் 15 போதும். சட்டை தொங்க 40 அங்குல உயரமும், அபாயாவும் நீளச் சட்டையும் தொங்க 5 அடியும் வேண்டும். மடித்த துணிக்குத் தட்டுக்குத் தட்டு 14 அங்குலம். கூட்டினால் அடுக்கு சரியும். அடித்தட்டு நிலத்திலிருந்து 1 அடி உயரத்தில் இருக்கட்டும். முற்றத்து வெள்ளம் உள்ளே வந்தால் முதலில் தொடுவது அதைத்தான். கதவுக்கு மேலும் கீழும் காற்றுச் சிலாகை வையுங்கள். சுவர் பூசி ஒரு மாதமாவது காயாமல் கதவு நிலையை அடிக்க வேண்டாம்; ஈரச் சுவரோடு சேர்ந்த நிலை பருத்து நின்றுவிட்டுப் பிறகு சுருங்கி இடைவெளி விடும். சுவரில் படும் பக்கத்துக்குத் தார் பூசினால் கறையானுக்கும் ஈரத்துக்கும் ஒரு தடை.

அடுத்தது 7 அடிக்கு மேலே உள்ள வெளி. சுனாமிக்குப் பின் எழும்பிய வீடுகளுக்குக் குறைந்த அளவாக 500 சதுர அடி வைத்தார்கள். போருக்குப் பின் வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 550 சதுர அடி, உதவித்தொகை 550,000 ரூபா. அந்த அளவுக்குள் தனியாகச் சாமான் அறை கேட்பது நியாயமில்லை. ஆனால் குளியலறைக்கு மேலே ஓடு வரை வெறும் வெளி கிடக்கிறதே! உள்ளளவு 4 அடிக்கு 6 அடிக் குளியலறை என்றால், 7½ அடி உயரத்தில் 4 அங்குலக் கொங்கிறீற் பிளேட் ஒன்று போட்டால் 24 சதுர அடி பரண் கிடைக்கும். பாய், கிடாரம், மாவிடிக்கும் சாமான், திருவிழாச் சாமான் எல்லாம் போய்ச் சேர அது போதும். சுவர்த் தடிப்பையும் சேர்த்தால் பிளேட் ஏறத்தாழ 5 அடிக்கு 7 அடி. 1:2:4 கலவைக்கு 50 கிலோச் சீமெந்து 2 பையும் கொஞ்சமும், மணல் 5 கன அடி, ¾ அங்குலச் சல்லி 10 கன அடி. 10 மில்லிமீற்றர் கம்பி, 20 அடி நீளத்தில் 7. குறுக்கே போகும் கம்பி அடியில், 6 அங்குலத்துக்கு ஒன்று. நீளவாட்டுக் கம்பி அதன்மேல், 8 அங்குலத்துக்கு ஒன்று. முட்டுக்கால் 14 நாளைக்குக் கழற்றக் கூடாது. நாலு சுவரும் அத்திவாரத்திலிருந்து எழும்பியவையாக இருக்க வேண்டும். பரணின் வாய் 3 அடிக்கு 2 அடி, அது மண்டபப் பக்கம் திறக்கட்டும். குளியலறைப் பக்கம் திறந்தால் ஈர ஆவி முழுவதும் உள்ளே ஏறும். தண்ணீர்த் தாங்கியை அதன்மேல் வைக்கும் யோசனை இருந்தால் அது வேறு கணக்கு, பொறியியலாளரைக் கேளுங்கள்.

சுவரிலிருந்து வெளியே நீட்டும் தட்டு விசயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கும் தட்டில் இழுவை மேல்பக்கத்தில் வரும். கம்பி மேலே இருக்க வேண்டும், கதவு யன்னலுக்கு மேல் ஓடும் லின்டலுக்குள் போய் வளைந்து பூட்ட வேண்டும். வழக்கமான பிளேட் மாதிரி அடியில் கம்பி போட்டால், முட்டுக்காலைக் கழற்றிய அன்றோ, சாமான் ஏறிய அன்றோ சுவரோரம் வெடித்து விழும். கொங்கிறீற் ஊற்றும்போது மேலே நடந்து கம்பியை மிதித்துக் கீழே தள்ளிவிட்டாலும் அதே கதைதான். 4 அங்குலக் கல் சுவரில் இப்படி நீட்டவே வேண்டாம். இரண்டு பக்கச் சுவரில் தாங்க வையுங்கள்.

கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் இரும்பு அலுமாரி எடுத்தால் கறள் அடியிலிருந்து தொடங்கும். மரக்கட்டையில் ஏற்றி, மாரிக்கு முன் ஒருமுறை அடிப்பாகத்தைத் துடைத்து, கீறல் கண்ட இடத்தைத் தேய்த்து, செந்நிற கறள்தடுப்புப் பூச்சு பூசி மூடுங்கள். மர அலுமாரிக்கும் பிணைச்சல், திருகாணி, பூட்டு எல்லாம் பித்தளையாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்கட்டும்.

வீட்டுக்குள் நெல் வைப்பவர்களுக்கு: ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் எந்தப் பெட்டகமும் காப்பாற்றாது. பல்லில் கடித்தால் நசியாமல் 'டக்' என்று உடைய வேண்டும். சீமெந்து நிலத்தில் நேரே அடுக்க வேண்டாம். 4 முதல் 6 அங்குல உயர மரச்சட்டத்தில், சுவரிலிருந்து 1 அடி தள்ளி.

துணிக்கு நப்தலின் உருண்டை போடும் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. கைக்குழந்தையின் துணியோடு அதை வைக்கவே கூடாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு குறைபாட்டால், அந்த உருண்டையின் ஆவி இரத்தச் சிவப்பணுவைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டு வரும். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் மெதுவாக வேலை செய்யும், ஆனால் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஈரம் வாங்க, வாயகன்ற சட்டியில் அடுப்புக்கரி வையுங்கள். மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

குசினியில் சிங்கின் அடியில் மரத்தூள் அட்டை எதற்கும் உதவாது. அங்கே கொங்கிறீற் தட்டும் அலுமினியக் கதவும்தான். எரிவாயுச் சிலிண்டரை அந்தக் கதவுக்குள் பூட்டி மறைப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. அந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கும். சிலிண்டர் வெளியே இருப்பது மேல். உள்ளேதான் என்றால், நில மட்டத்தில் வெளிச்சுவரைத் துளைத்து 6 அங்குலத்துக்கு 6 அங்குலக் காற்று வழி விடாமல் கதவு போட வேண்டாம்.

2004 டிசம்பர் 26 அலையிலும் 2011 ஜனவரி வெள்ளத்திலும் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் போனவர்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ பேர். அலுமாரியின் அடி லாச்சியில் பூட்டி வைப்பதுதான் வழக்கம். தண்ணீர் முதலில் ஏறுவதும் அங்கேதான், மரம் பருத்து லாச்சி திறக்காமல் போவதும் அப்போதுதான். வெளிவாசலுக்குக் கிட்ட, 6 அடி உயரத்தில், பூட்டில்லாத ஒரு சின்ன மாடம் இதற்கென்று விடுங்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் 4½ அங்குல ஆழம் கிடைக்கும். தோளில் மாட்டும் ஒரு பை நிற்க அது போதும். மூலப்பத்திரத்தை லமினேற் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவும் முடியாது, முத்திரையைச் சோதிக்கவும் முடியாது. தடித்த பொலித்தீன் உறை இரண்டுக்குள் வைத்து, கச்சான் காலத்தில் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட்டால் சரி.

வீடமைப்பு உதவிக்கு மாதிரி வரைபடம் கீறுகிறவர்களிடமும், பிரதேச சபைக்கு வரைபடம் தயாரித்துக் கொடுப்பவர்களிடமும் கேட்பது இவ்வளவுதான்: அறைக்கு நடுவே உள்ள அந்தச் சுவர், குளியலறை மேல் பிளேட், சிலிண்டருக்கு வெளியே ஒரு மேடை, வாசலோர மாடம் ஆகிய நாலையும் அளவோடு கீறிவிடுங்கள். கோடு இருந்தால் மேசன் கட்டுவார். கோடு இல்லாவிட்டால் சுவர் எழும்பிய பிறகு எங்களைக் கூப்பிட்டு, உடைத்துத் தரச் சொல்வார்கள். 4 அங்குலக் கல்லில் அதுவும் முடியாது.

இப்படிக்கு,
மரவேலை, கொத்துவேலை செய்வோர் சிலர்,
மட்டக்களப்பு.